வடக்கு பார்த்த கமோடு

"மேடம், மேல இருக்கற பாத்ரூமுக்கு நான் போகணும்."

ஜாக்குலின் கூடத்தின் நடுவில் நின்று இதைக் கேட்டாள். கேட்டது வீட்டுக்காரம்மா லதாவிடம். லதா சோபாவில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கிள்ளிய தண்டைத் தட்டில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். கூடத்தை ஒட்டிய பாத்ரூமுக்குள்ளிருந்து அதுவரை டங் டங்கென்று வந்துகொண்டிருந்த சுத்தியல் சத்தமும் நின்றுபோனது. உள்ளே மண்டி போட்டிருந்தது ஜாக்குலினின் அப்பா ஸ்டான்லி.

ஸ்டான்லி முப்பது வருஷமாகப் பிளம்பர். புதுப்பட்டினத்திலும் சதுரங்கப்பட்டினத்திலும் அவர் கை நுழையாத கக்கூஸ் கொஞ்சம்தான் இருக்கும். அவருக்குத் தொழிலில் ஒரே ஒரு சட்டம். "வேலைக்குப் போன வூட்ல தண்ணி கேளு. டீ குடுத்தா குடி. பேசினத விட டப்பு கொறைஞ்சா சண்டகூடப் போடு. கக்கூஸ் மட்டும் கேக்காத." காலையில் பைக்கில் வரும்போதும் அதையே சொன்னார். ஏன் என்று ஜாக்குலின் கேட்டதற்கு, "கேட்டா இல்லம்பாங்கோ. இல்லன்னு சொன்னப்பறம் அந்த வூட்டு கக்கூஸ்ல கைய வுட நமக்கு மனசு வராது. அப்பால வேல எப்பிடி ஓடும்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் அவளுக்கு எரிந்தது.

"பாத்ரூமா, இப்பவா?" என்றார் லதா.

"ஆமா மேடம், இப்பதான்."

"கீழ வேலை நடக்குதே. மேல தண்ணி விட்டா இங்க வந்துடாதா? உங்க அப்பாவுக்குத்தான் கஷ்டம்."

"மேல லைன் வேற மேடம். வெளிச் சுவத்துல தனியா எறங்குது. அப்பா காலைலயே பாத்துட்டாரு."

லதா மாடிப்படியைப் பார்த்தார். "பையன் அபிஷேக் ஃபோன்ல இருக்கான். ஆபீஸ் மீட்டிங். பக்கத்து ரூம்ல சத்தம் வந்தா கத்துவான். ஒண்ணு பண்ணு, ரோட்டு முனையில பெட்ரோல் பங்க் இருக்கு பாரு. நல்லா க்ளீனா வெச்சிருப்பாங்க."

பெட்ரோல் பங்க் ஒன்றரை கிலோமீட்டர். ஜாக்குலினுக்கு அன்றைக்கு இரண்டாவது நாள் வேறு. காலை ஏழு மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பியவள், இப்போது பதினொன்று. இதையெல்லாம் ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை என்று அவள் நினைத்திருந்தாள்.

"வேணாம்னு சொல்றீங்களா மேடம்?"

"ஐயோ, நான் எப்ப வேணாம்னேன். கொஞ்சம் பொறுன்னுதானே சொல்றேன்."

உள்ளேயிருந்து ஸ்டான்லியின் குரல் வந்தது. "ஜாக்கு. ஆக்ஸா பிளேடு எட்தா."

அவள் போனாள். அப்பா முகத்தைத் தூக்கவில்லை. "கேட்டுட்டியா," என்றார். "கேட்டுட்டேன்." "இன்னா சொன்னாங்கோ." "பொறுன்னாங்கோ." "பொறு அப்ப," என்று பிளேடை வாங்கிக்கொண்டார்.

பொறுப்பதற்குக் காரணம் இருந்தது. வீட்டுக்காரர் தாமோதரன், ரிட்டயர் ஆன பிறகு சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஓர் ஆய்வுக்கூடம் நடத்துகிறார். கம்பெனிகளிலிருந்தும் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலிருந்தும் வரும் தண்ணீரைப் பரிசோதித்து ரிப்போர்ட் கொடுக்கும் இடம். ஜாக்குலின் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, முதல் வகுப்பு. வெங்கம்பாக்கம் காலனியில் அவர்கள் வீட்டில் பன்னிரண்டாவதைத் தாண்டிய முதல் ஆள். தாண்டி என்ன, இரண்டு வருஷமாகச் செல்போன் கடையில் நின்றுகொண்டே கவர் மாட்டிக்கொடுக்கிறாள். கடைசியாகப் பியூரெட்டைக் கையில் பிடித்தது பரீட்சையன்று. கண்ணாடிக் குடுவையில் ஒரு சொட்டில் நிறம் மாறுமே, அந்த ஒரு சொட்டுக்காகக் கை இன்னும் ஏங்கியது. ஆறு மாதமாக "பாக்கலாம் ஸ்டான்லி" என்றுகொண்டிருந்த தாமோதரன், போன வாரம் கமோடு ஆடி அவரே கீழே விழப்போனதும், "சனிக்கிழமை வந்து இதைப் பாத்துடு. உன் பொண்ணையும் கூட்டிட்டு வா, பேசிடலாம், திங்கக்கிழமை சேந்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

பேச வந்தவள்தான் இஸ்திரி போட்ட சுடிதாரோடு இந்த நாற்றத்தில் நிற்கிறாள். அப்பாவிடம் வேலை செய்யும் ஜெபக்குமார் மதுராந்தகத்தில் யாருக்கோ கல்யாணம் என்று போய்விட்டான். தனியாளாகக் கமோடைத் தூக்க முடியாது. துப்பட்டாவை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு அவள் உள்ளே இறங்கினாள்.

நாற்றம் புதியதல்ல. இரண்டு வருஷமாகவே இந்த வீட்டில் நாற்றம்தான். காலையில் வந்து இறங்கியதுமே அந்தக் கதையைச் சொல்லிவிட்டாள் அமிர்தவல்லி, வீட்டு வேலைக்காரம்மா. புழக்கடைக் குழாயில் பாத்திரத்தைப் போட்டுத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

"அதோ பாரு, துவைக்கிற கல்லாண்ட. ஆஸ்பெஸ்டாஸ் போட்டு கீதே. அதான் வேலக்காரங்க கக்கூஸு. எனக்கு முன்னாடி ஒருத்தி இருந்தா, நாத்தம் அவ போறதாலதான்னு சொல்லி அவள நிறுத்திட்டாங்கோ. அப்பறம் என்னிய வெச்சாங்கோ. நாத்தம் போவல. அப்பால கக்கூஸையே சிமென்ட்டு கொட்டி மூடிட்டாங்கோ. ஐயரு வந்து ஹோமம் பண்ணாரு. ரெண்டு நாளு சாம்பிராணி வாசன அடிச்சிது. மூணாநாளு பழைய குருடி கதவத் தெறடின்னு வந்து நிக்குது."

"நீங்க எங்கக்கா போவீங்க?"

"எங்க போறது. காலைல வூட்லேர்ந்து கெளம்பறப்ப போனா ரெண்டு மணிக்கு வூட்டாண்ட போயிதான். அதுவரிக்கும் தண்ணி குடிக்கறதில்ல. டீ குடுப்பாங்கோ. தொளசிச் செடிக்கு ஊத்திடுவேன்." அவள் கிண்ணத்தைக் கவிழ்த்தாள். "செடி கருகிப்போச்சு. அதுக்கும் நாத்தந்தான் காரணம்னு சொல்லிகினு கீறாங்கோ."

ஜாக்குலினுக்குச் சிரிப்பு வந்தது, அப்போது வந்தது. இப்போது அடிவயிறு இழுத்துப் பிடிக்கும்போது வரவில்லை.

பாத்ரூம் பெரியதுதான். இரண்டு பேர் மண்டி போட்டால் சின்னதாகிவிட்டது. தண்ணீர் வால்வை மூடி, தொட்டியைக் காலி பண்ணி, கமோடின் தொண்டையில் தேங்கியிருந்ததை ஒரு பழைய மக்கால் மொண்டு பக்கெட்டில் ஊற்றியாகிவிட்டது. ஊற்றியவள் ஜாக்குலின். மக்கின் அடியில் ஒட்டிக்கொண்ட மயிர்க் கற்றை, பல் குத்தும் குச்சி, ஊறிப்போன காகிதம். அப்பா பிளேடின் ஒரு முனையில் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு, கமோடுக்கும் தரைக்கும் நடுவில் நுழைத்து அறுத்தார். கரக், கரக். அறுக்க அறுக்கத் துருத்தூள் ஈரத்தில் குழைந்து பழுப்பாகக் கசிந்தது. கடல் காற்று இரும்பை விட்டுவைக்கிற ஊர் இல்லை இது.

"ஒரு பக்கந்தான் போல்ட்டு கீது," என்றார் ஸ்டான்லி. முதல் போல்ட்டின் மேல்பாதி முன்பே உடைந்து அவள் கையில் வந்துவிட்டிருந்தது. "இன்னொரு போல்ட்டு எங்க. ஆளயே காணம். வெறும் வெள்ள சிமென்ட்டு."

"அப்ப இவ்ளோ நாள் எப்பிடி நின்னுது?"

"குந்தறவன் வெயிட்டுல நின்னுது."

பாத்ரூம் வாசலில் தாமோதரன் வந்து நின்றார். வெள்ளை வேட்டி, மூக்கில் கைக்குட்டை. ஜாக்குலினைப் பார்த்துக் கண்ணால் சிரித்தார். நல்ல மனிதர் என்று பேர் வாங்கியவர். குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை.

"நீதான் ஜாக்குலினா. அப்பா நெறைய சொல்லியிருக்காரு. டைம் வேஸ்ட் பண்ண வேணாம், இப்பவே ரெண்டு கேள்வி கேட்டுடறேன், என்ன? பி.ஓ.டி.ன்னா என்ன?"

அவள் பக்கெட்டை வைத்துவிட்டு எழுந்து நிற்கப் பார்த்தாள். அப்பா, "கமோட வுடாத, சாயும்," என்றார். அவள் இரண்டு கையாலும் கமோடை அணைத்துப் பிடித்துக்கொண்டே, தண்ணீரில் இருக்கும் அழுக்கை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்ற கணக்கைச் சொன்னாள்.

"குட். எத்தனை நாள் டெஸ்ட்?"

"அஞ்சு நாள் சார். இருபது டிகிரில."

"வெரி குட். கோலிஃபார்ம் டெஸ்ட் பண்ணியிருக்கியா? மலக்கிருமி?"

கமோடின் விளிம்பு அவள் கன்னத்திலிருந்து நாலு விரற்கடை தூரத்தில் இருந்தது. மூக்கைக் கட்டிய துப்பட்டா ஈரமாகி வாய்க்குள் போனது. இப்போது பண்ணிக்கொண்டிருப்பது என்னவென்று இந்த ஆள் நினைக்கிறான், என்று அவளுக்கு மனசுக்குள் ஓடியது. "காலேஜ்ல பண்ணியிருக்கேன் சார்," என்றாள்.

"போதும். நீ என்கிட்ட வேலை செய்யப்போற பொண்ணு. முடிச்சிட்டு வா, மத்ததப் பேசிக்கலாம்."

அவர் போனதும் ஸ்டான்லி மகளைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். பெருமை அந்தப் புருவத்தில் இருந்தது. அவளுக்கும் ஒரு நிமிஷம் வயிற்று வலி மறந்தது. திங்கட்கிழமை. வெள்ளைக் கோட்டு. குடுவை.

"ஒண்ணு, ரெண்டு, மூணு," என்றார் அப்பா. தூக்கினார்கள்.

ஈறை விட்டுப் பல் வருவதுபோல் வெள்ளை சிமென்ட்டிலிருந்து கமோடு கறகறவென்று பிடுங்கிக்கொண்டு வந்தது. சாய்ந்ததில் அதன் வயிற்றுக்குள் மிச்சமிருந்தது அத்தனையும் அவள் பாதத்தில் கொட்டியது. சூடாக இருக்கும் என்று ஏனோ நினைத்தாள், ஜில்லென்று இருந்தது. அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது. சாக்கு விரித்துக் கமோடை அதன்மேல் கிடத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

கமோடு இருந்த இடத்தில் கரிய களி. அதன் நடுவே ஊதிப்போன அப்பளம்போல் அடுக்கடுக்காக உப்பித் துருவேறிய இரும்பு வளையம் ஒன்று. கமோடைத் தரையோடும் கழிவுக் குழாயோடும் பிடித்துவைக்கிற வளையம் அது. இந்தப் பக்கத்து வீடுகளில் இதெல்லாம் கிடையாது. சிமென்ட் குழைத்துப் பூசிவிட்டுப் போய்விடுவார்கள். இந்த வீட்டை முதலில் கட்டியவர் வெளிநாட்டிலிருந்து திரும்பியவர். கமோடையும் வளையத்தையும் கப்பலில் கொண்டுவந்தாராம். வளையத்தின் ஒரு ஓரம் பிளந்து விரல் நுழையும் அளவுக்கு வாய் திறந்திருந்தது. பிளந்த வாயில் ஒரு துணி. யாரோ கிழிந்த காவித் துண்டைச் சுருட்டி அடைத்து, மேலே சிமென்ட் பூசியிருந்தார்கள். துணி அழுகிக் கருவாட்டுக் குழம்பின் அடிவண்டல்போல் கிடந்தது. அதற்குள் வெள்ளை வெள்ளையாக நெளிந்தது. வெளிச்சம் பட்டதும் கரப்பான்கள் சுவரேறின.

ஜாக்குலின் வாசல் பக்கம் திரும்பி ஓங்கரித்தாள். ஒன்றும் வரவில்லை. அவளும் காலையிலிருந்து எதுவும் குடித்திருக்கவில்லை.

"முப்பது வருசத்துல இப்பிடிப் பாத்ததில்ல," என்றார் ஸ்டான்லி. அவர் துணியைக் கம்பியால் கிளறி எடுத்துப் பக்கெட்டில் போட்டார். குழாய் வாயில் சாக்கைத் திணித்தார். கேஸும் வராது, துருத் துண்டும் உள்ளே விழாது. பிறகு வளையத்தைத் தட்டிப் பார்த்தார். குழாயோடு ஒன்றாய்க் கலந்திருந்தது. திருகினால் வராது, நெம்பினால் குழாய் உடையும். "அறுத்துத்தான் எடுக்கணும். மூணு துண்டா."

கை ரம்பத்தால் மூன்று இடத்தில் அறுத்தார். முழுக்க அறுக்காமல் குழாய் தொடும்முன் நிறுத்தி, உளியை வெட்டில் வைத்து உள்பக்கமாக ஒரு தட்டு. அவள் டார்ச் பிடித்தாள். முதல் துண்டு விழுந்தது. இரண்டாவது துண்டு எதிர்பாராமல் தெறித்துச் சுவரில் அடித்தது. மூன்றாவது மட்டும் பிடிவாதம் பண்ணியது. முக்கால் மணி நேரம். அந்த நேரம் முழுக்க அவள் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டே இருந்தாள். "கெமிஸ்ட்ரி படிச்சவ நீ. துருவுக்கு இன்னா வைத்தியம்," என்று அப்பா கேட்டார். "புதுசு வாங்கறதுதான்." "இதுக்கா மூணு வருசம் படிச்ச." மூன்றாவது துண்டும் விழுந்தது.

துண்டுகளைச் சிமென்ட் தரையில் சேர்த்து வைத்துப் பார்த்தபோதுதான் ஸ்டான்லிக்கு விளங்கியது. அவர் உரக்கக் கூப்பிட்டார். "சார். செத்த வந்து பாருங்கோ."

தாமோதரன் வந்தார். பின்னாலேயே லதாவும் வந்தார். புழக்கடைக் கதவில் அமிர்தவல்லி துடைப்பத்தோடு நின்றாள்.

"இந்தக் கமோடு முன்னாடி எந்தப் பக்கம் பாத்து கீது சார்?"

"கிழக்கு," என்றார் தாமோதரன். "அது தப்புன்னு வாஸ்துல சொன்னாங்க. கிழக்கு பாத்து உக்காரக் கூடாதாம், சூரியன். பத்து வருஷம் முன்னாடி வடக்கு பாத்து மாத்தினோம்."

"கமோட மாத்தினீங்கோ. வளையம் இன்னும் கெழக்கு பாத்துதான் சார் கீது. இதுல ஓட்ட ரெண்டே ரெண்டு. கமோடு திரும்பினா ஓட்டையும் திரும்பணும்ல? கொத்தனாரு அத எடுக்கத் தெரியாம ஒரு பக்கம் அறகொறையா மாட்டி, இன்னொரு பக்கம் துணிய அடச்சி பூசிட்டான். பத்து வருசமா ஒவ்வொரு தடவ நீங்க குந்தறப்பவும் ஆடி ஆடி வளையம் பொளந்துபோச்சு. போனதுல பாதி குழாய்ல போச்சு. பாதி இங்கியே எறங்கிச்சு." அவர் உளியால் டைல்ஸின் ஓரத்தைக் குத்தினார். அடியிலிருந்த மண் சேறாகப் பிதுங்கியது. "பாருங்கோ, கூடம் வரிக்கும் ஊறியிருக்கும்."

லதா தன் காலுக்குக் கீழே இருந்த டைல்ஸைப் பார்த்துவிட்டு ஓர் அடி பின்னால் போனார்.

"அப்ப நாத்தம் இங்கேர்ந்துதான்," என்றாள் ஜாக்குலின்.

அமிர்தவல்லி துடைப்பத்தைத் தரையில் தட்டிச் சீர்செய்தாள். "ஐயரு ஹோமத்த எடம் மாத்திப் பண்ணிட்டாரு," என்றாள்.

"நீ போய் வேலையப் பாரு அமிர்தம்," என்றார் லதா.

"மேடம், அப்ப பின்னாடி கக்கூஸ் மேல இருக்கற சிமென்ட்ட எடுத்துடலாமா? அப்பாவே ஒடச்சுடுவாரு. கால் மணி நேர வேலை."

"அது வேற விஷயம்மா."

"இன்னா வேற?" அவசரத்தில் வீட்டுப் பேச்சு வந்துவிட்டது. அவள் மாற்றிக்கொள்ளவில்லை.

"அது பழசு. கொசு. அந்தப் பொம்பளைய நிறுத்தினதும் இதுக்காக மட்டும் இல்ல. அவ சுத்தமே இல்ல." லதாவின் குரலில் கோபம்கூட இல்லை. இரண்டு வருஷம் தன் வீட்டுக் கழிவின் மேல் நடந்து, தூங்கி, சாமி கும்பிட்டு, அந்த நாற்றத்தை வேறொருத்தியின் உடம்பில் கண்டுபிடித்தவர். அது பொய் என்று கண்ணெதிரே துண்டு துண்டாகக் கிடந்த பிறகும் நாற்றத்தை அவள்மேலேயே விட்டுவைத்தார். ஜாக்குலினுக்கு மறுபடி ஓங்கரித்தது. இந்தமுறை களியைப் பார்த்து அல்ல.

தாமோதரன் இடையில் புகுந்தார். "சரி சரி, விடு லதா. ஜாக்குலின், இங்க வா, பேசிடலாம்." போர்ட்டிகோவுக்கு அழைத்துப்போய் அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் நின்றாள். காலில் காய்ந்துகொண்டிருந்ததோடு உட்காரவும் முடியாது, யாரும் உட்காரச் சொல்லவும் இல்லை.

"காலைல ஒன்பதரை. ஞாயித்துக்கிழமை லீவு. மொதல்ல சாம்பிள் வாங்கறது, லேபிள் ஒட்டறது, மூணு மாசத்துல டெஸ்ட் தனியா பண்ண விட்டுடுவேன். ஹரிப்ரியான்னு சீனியர் பொண்ணு இருக்கா, சொல்லிக் குடுப்பா. நாலு பேர் இருக்காங்க, நல்ல பசங்க." அவர் கைக்குட்டையை மடித்தார். "நீ பாத்ரூம் கேட்டியாமே, லதா சொன்னா. அங்க அந்தப் பிரச்சினையே கிடையாது. பின்பக்கம் தனியா ஒண்ணு கட்டியிருக்கேன். புது டைல்ஸ். நீயும் கூட்டற அம்மாவும் மட்டும்தான். யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க."

"ஹரிப்ரியா எங்க போவாங்க சார்?"

"உள்ள ஒண்ணு இருக்கு. மத்தவங்களுக்கு."

"நான் ஏன் கூட்டற அம்மாவோட?"

"பாத்தியா, தப்பா எடுத்துக்கற. உனக்கு ஃப்ரீயா இருக்கட்டும்னுதான். ஏற்கெனவே இருக்கறவங்க ஒரு மாதிரி பழகிட்டாங்க. நான் எதையும் பாக்கறவன் இல்லம்மா, பாத்தா உன்னை எடுப்பேனா? லேப்ல வேலை ஒண்ணுதான், டேபிள் ஒண்ணுதான். இது ஒரு சின்ன விஷயம்." பிறகு, அவளைச் சமாதானப்படுத்துகிற மாதிரி சொன்னார். "ஸ்டான்லிகிட்ட அன்னிக்கே சொல்லிட்டேனே. அவரு சரின்னுட்டாரே."

போர்ட்டிகோவில் நல்ல காற்று. கடல் அந்தப் பக்கம்தான்.

அவள் உள்ளே போனாள். ஸ்டான்லி புதுப் பிளாஸ்டிக் வளையத்தைக் குழாய் வாயில் வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தார். வடக்கு பார்த்து.

"ஒனக்குத் தெரியுமா நைனா?"

எதைக் கேட்கிறாள் என்று அவர் கேட்கவில்லை. "தெரியும்."

"தெரிஞ்சேதான் இட்டாந்தியா."

"ஜாக்கு, கக்கூஸுதான. அதுக்குள்ளயா குடித்தனம் பண்ணப்போற? ரெண்டு நிமிசம். வேலயப் பாரு. அந்த மிசினப் பாரு, கண்ணாடியப் பாரு." குழாய்க்குள் டார்ச் அடித்தபடியே பேசினார். "முப்பது வருசமா நான் ஒருத்தங்க வூட்லகூட கேட்டதில்ல. ஒனக்கு கேக்காமயே ஒண்ணு கட்டி வெச்சிருக்காங்கோ. டைல்ஸ் போட்டு. இதுகூட முன்னேத்தம் இல்லன்னா வேற எதுதான் முன்னேத்தம்?"

அவர் கிண்டலுக்குத்தான் சொன்னாரா, நிஜமாகவேதானா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. அவராலும் முடியாது என்று தோன்றியது. முழங்கைவரை கறுப்பு. நெற்றியில், மூக்கின் நுனியில் கறுப்பு. அந்த அழுக்கைப் பார்த்து அவளுக்கு அருவருப்பு வரவில்லை. சரி என்று சொன்ன வாயைப் பார்த்துத்தான் வந்தது. அது வந்ததும் தன்மேலேயும் வந்தது.

"நான் மேல போறேன்," என்றாள்.

"ஜாக்கு."

"நீ புடிச்சிகினு கீற வேலைய முடி நைனா. நான் எதையும் ஒடைக்கப் போறதில்ல."

கூடத்தைக் கடந்து மாடிப்படியில் கால் வைத்தாள். வெள்ளை மார்பிள். ஒவ்வொரு படியிலும் பாதம் முழுசாக, ஐந்து விரலோடு, கறுப்பாகப் பதிந்தது. நாலாவது படியில் லதாவின் குரல் வந்தது. "ஏய், எங்க போற? நில்லு. கால் பாரு, கால்."

ஜாக்குலின் நின்று திரும்பினாள். காலைப் பார்த்தாள். "இது என்னுது இல்ல மேடம். உங்க வூட்டுதுதான்."

மேலே முதல் அறையில் அபிஷேக் காதில் ஹெட்போனோடு கம்ப்யூட்டரைப் பார்த்து இங்கிலீஷில் சிரித்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்க்கவில்லை. பக்கத்துப் படுக்கையறையைத் தாண்டி பாத்ரூம். தாழ் போட்டாள். எந்தப் பக்கம் பார்த்த கமோடு என்று அவள் பார்க்கவில்லை. உட்கார்ந்தாள். அவசரப்படவில்லை. வெளியே கதவைத் தட்டினார்கள். முதலில் விரலால், பிறகு உள்ளங்கையால். சுவரில் கண்ணாடி அலமாரி, நாலு விதமான ஷாம்பு, பல்செட்டு போட்டுவைக்கிற டப்பா, முடி சிக்கிய சீப்பு. ரோஜா வாசனை அடிக்கிற ஏதோ ஒன்று தொங்கியது. அந்த வாசனைக்கு அடியிலும் அதே நாற்றம் லேசாக இருந்தது. எல்லார் பாத்ரூமிலும் இருக்கிற அதே நாற்றம். இதைக் காப்பாற்றத்தான் இவ்வளவு பாடு.

நாப்கின் மாற்றிப் பழையதைக் காகிதத்தில் சுற்றித் தன் பையிலேயே வைத்துக்கொண்டாள். இவர்கள் குப்பையில் அதைப் போட்டுவிட்டுப் போக அவளுக்கு இஷ்டமில்லை. தண்ணீர் விட்டாள். வெளிச் சுவர்க் குழாயில் அது தடதடவென்று இறங்குவது கேட்டது. கையை நன்றாகக் கழுவினாள். காலைக் கழுவவில்லை.

கதவைத் திறந்தபோது லதா எதிரில் நின்றார். முகம் சிவந்திருந்தது. "உன்னை யாரு..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. அவர் பார்வை ஜாக்குலினைத் தாண்டி உள்ளே கமோடின் மேல் போய் நின்றது. இன்றைக்கே அதை யாரை வைத்துக் கழுவுவது என்ற யோசனை அந்தப் பார்வையில் ஓடியது.

கீழே மாடிப்படி முடியும் இடத்தில் தாமோதரன். இப்போதும் குரல் உயரவில்லை. "இது சரியில்லம்மா. நான் உனக்கு நல்லது பண்ணணும்னு நெனச்சேன். பரவால்ல, கோவத்துல செஞ்சிட்ட. அம்மாகிட்ட ஒரு ஸாரி சொல்லிடு. திங்கக்கிழமை..."

"திங்கக்கிழமை வேற ஆளப் பாருங்க சார்."

"யோசிச்சு சொல்லு. வெளில இந்த வேலை கிடைக்காது."

"தெரியும் சார்."

தெரிந்துதான் இருந்தது. திங்கட்கிழமை போனால், இன்றைக்கு வராததற்குச் செல்போன் கடைக்காரர் முறைப்பார். மறுபடி கவர் மாட்டவேண்டியிருக்கும். எத்தனை மாதம் என்று தெரியாது. அந்தக் கண்ணாடிக் குடுவை நெஞ்சில் ஒரு நிமிஷம் வந்து நின்றது. அதற்காக அழுகை வந்தது உண்மை. அதை அந்தக் கூடத்தில் விடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பாத்ரூம் வாசலில் ஸ்டான்லி எழுந்து நின்றிருந்தார். இரண்டு கையையும் உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்திருந்தார். மகளைப் பார்த்தார், வீட்டுக்காரரைப் பார்த்தார், கீழே குழாயின் திறந்த வாயைப் பார்த்தார்.

"நான் இத மாட்டிட்டுத்தான் வர முடியும்," என்றார். "தொறந்து போட்டுட்டு வந்தா கேஸ் அடிக்கும்."

"மாட்டிட்டு வா."

"சாப்ட்டியா?"

"இல்ல."

அவர் மறுபடி மண்டி போட்டார். அவள் போர்ட்டிகோவில் செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டைத் திறந்து வெளியே வந்தபோது, உள்ளே அமிர்தவல்லி மாடிப்படி துடைக்கிற சத்தமும் அதன்மேல் லதா திட்டுகிற சத்தமும் கேட்டன. ஜாக்குலின் பஸ் வருகிற ரோட்டைப் பார்த்து நடந்தாள்.